500 ரூபாய்... ஒரே நாள்... காஞ்சிபுரம்! - 12 மணிக்குள்ள எதை முடிக்கணும் தெரியுமா?

வீக் எண்டுல எங்கேயாவது போகணும். ஆனா, கையில பெருசா காசு இல்லை. கார் இல்லை. லீவும் ஒரே நாள்தான். சென்னையில இருக்கிற நிறைய பேரோட நிலைமை இதுதான். இவங்களுக்குனே 75 கிலோமீட்டர் தூரத்துல ஓர் ஊர் இருக்கு. பல்லவர்களின் தலைநகரம், பட்டுச்சேலைக்குப் பேர்போன காஞ்சிபுரம்.

``காஞ்சிபுரமா? அது அம்மா, அத்தை எல்லாம் கல்யாணப் பட்டு எடுக்கப் போற ஊராச்சே!" என்கிறீர்களா? அங்கேதான் விஷயமே இருக்கு. காஞ்சிக்குப் போய்வர ஆகும் செலவு ரொம்பக் குறைவு. பர்ஸைப் பதம் பார்ப்பது, நேரத்தைத் தப்பாகப் பிரிப்பதுதான். பெரும்பாலான கோயில்கள் மதியம் 12, 12.30 மணிக்கு நடை சாத்தினால், மாலை 4 மணிக்குத்தான் திறக்கும். சென்னையிலிருந்து ஆற அமரக் கிளம்பி, ஹைவேஸில் டிபன் சாப்பிட்டு, 11 மணிக்கு ஊருக்குள் நுழைகிறவர்கள் ஒரு கோயிலைப் பார்ப்பதற்குள் நடை சாத்திவிடும். வெளியே கொளுத்துகிற வெயில். ``சார், பக்கத்துலயே நம்ம கடை ஒண்ணு இருக்கு, சும்மா பாருங்க" என்று ஆட்டோக்காரர் அழைத்துப்போவார். உள்ளே ஏ.சி... அப்புறம் என்ன, வாங்கும் எண்ணமே இல்லாமல் போனவர்கள்கூட பில் போட்டுவிட்டுத்தான் வெளியே வருவார்கள்.

காலை 9 மணிக்குள் ஊருக்குள் இருந்தால் போதும், இந்தச் சிக்கலே இல்லை. எப்படி என்று பார்ப்போமா?

எப்படிப் போவது?

முதல் சாய்ஸ், மின்சார ரயில். சென்னை கடற்கரையிலிருந்து தாம்பரம், செங்கல்பட்டு வழியாகக் காஞ்சிபுரம் போகும் ரயில்கள் இருக்கின்றன. பயணம் கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம். போக வர டிக்கெட் 100 ரூபாயைத் தாண்டாது. `ரயில்ஒன்' ஆப்பில் டிக்கெட் எடுத்துவிட்டால், கவுன்டரில் நிற்கும் நேரமும் மிச்சம். ஊரில் `காஞ்சிபுரம்', `காஞ்சிபுரம் கிழக்கு' என்று இரண்டு ஸ்டேஷன்கள் உண்டு. நீங்கள் எடுக்க வேண்டியது `காஞ்சிபுரம்'.

ஒரே சிக்கல், இந்த ரயில்கள் அடிக்கடி கிடையாது. உங்களுக்குத் தோதான நேரத்தில் இல்லையென்றால், செங்கல்பட்டு வரை ரயிலில் போய், அங்கிருந்து வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் செல்லும் அரசுப் பேருந்தில் ஏறிவிடுங்கள். செங்கல்பட்டுக்கு ரயில்கள் நிறைய.

இரண்டாவது சாய்ஸ், பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் வழியாக நேராகப் போகும் பேருந்து. டிராஃபிக் இல்லாவிட்டால் சுமார் இரண்டு மணி நேரம். போகும்போது ரயில், வரும்போது பஸ் என்று வைத்துக்கொண்டால் வசதி. காலையில் ரயில் டிராஃபிக்கில் மாட்டாது. மாலையில் பஸ்ஸுக்காக டைம் டேபிள் பார்த்துக்கொண்டு ஓட வேண்டாம்.

ஊருக்குள் சுற்ற ஷேர் ஆட்டோவும் டவுன் பஸ்ஸும் போதும். பெண்களுக்கு ஒரு போனஸ்... சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் `விடியல் பயணம்' திட்டத்தில் டிக்கெட்டே கிடையாது.

காலை: மூன்றே கோயில்கள்

காஞ்சியில் தடுக்கி விழுந்தால் கோயில். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க நினைத்தால் எதுவுமே மனசில் நிற்காது. காலைக்கு மூன்று, மாலைக்கு ஒன்று. அவ்வளவுதான்.

1. வைகுண்டப் பெருமாள் கோயில்: ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான். 8-ம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மன் எழுப்பியது. நின்றும், அமர்ந்தும், கிடந்தும் பெருமாள் காட்சி தரும் மூன்று தளங்கள் கொண்ட விமானம் இதன் சிறப்பு. ஆனால், நீங்கள் நிதானமாகப் பார்க்க வேண்டியது சுற்றுப் பிராகாரச் சுவரை. பல்லவர்களின் வரலாறே அங்கு வரிசையாகச் சிற்பங்களாக இருக்கிறது. அரசன் வாரிசு இல்லாமல் இறந்துபோக, ஊர்ப் பெரியவர்களும் அதிகாரிகளும் கிளம்பிப்போய், அரச வம்சத்தின் இன்னொரு கிளையிலிருந்து 12 வயதுப் பையனைத் தேடிக் கூட்டிவந்து முடிசூட்டிய கதை அதில் இருக்கிறது. அந்தப் பையன்தான் இந்தக் கோயிலைக் கட்டிய நந்திவர்மன். தன் பதவிக்கான நியாயத்தைக் கல்லிலேயே எழுதிவைத்த பயோடேட்டா இது!

2. ஏகாம்பரநாதர் கோயில்: பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் சொச்சம். தூரத்திலிருந்தே கண்ணில் படுகிற ராஜகோபுரம் கிட்டத்தட்ட 190 அடி உயரம். விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் 1509-ல் கட்டியது. பஞ்சபூதத் தலங்களில் இது நிலத்துக்கானது. மூலவர் மணலால் ஆன லிங்கம் என்பதால், லிங்கத்துக்கு நேரடியாக நீர் அபிஷேகம் கிடையாது. உள்ளே இருக்கும் மாமரத்தையும் பார்த்துவிடுங்கள். ஒற்றை மாமரம், அதாவது ஏக ஆம்ரம் என்பதிலிருந்துதான் ஏகாம்பரம் என்ற பெயரே வந்தது. வழியில்தான் காமாட்சியம்மன் கோயிலும். கூட்டம் குறைவாக இருந்தால் எட்டிப்பார்க்கலாம்.

3. கைலாசநாதர் கோயில்: காலை லிஸ்ட்டில் நேரம் குறைந்தால் மற்றதை விட்டுவிடுங்கள், இதை விடாதீர்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து மேற்கே 2 கிலோமீட்டர். 11 மணிக்காவது உள்ளே இருக்க வேண்டும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைக் கட்டிய அதே ராஜசிம்ம பல்லவன்தான் 8-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதையும் கட்டினான். தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. மணற்கல் சுவரை ஒட்டி உள்பக்கம் முழுக்க 58 சிறு சந்நிதிகள். சிலவற்றில் தலையை நீட்டி உற்றுப் பார்த்தால், 1,300 ஆண்டுகளுக்கு முன் தீட்டிய ஓவியங்களின் வண்ணம் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும்.

இங்கே மண்டபத் தூண் ஒன்றில் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. தமிழ்நாட்டுக் கோயிலில் கன்னடம் எப்படி? பல்லவர்களின் பரம எதிரியான சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். ஜெயித்தவன் கொள்ளையடிப்பதுதானே வழக்கம்? அவனோ, இந்தக் கோயிலின் செல்வத்தைப் பார்த்துவிட்டு, அதைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்ததாகச் சொல்கிறது கல்வெட்டு. பிறகு, அவன் மனைவி லோகமகாதேவி கர்நாடகாவின் பட்டடக்கல்லில் எழுப்பிய விருபாட்சர் கோயிலில் இந்தக் கைலாசநாதரின் சாயலை இன்றும் பார்க்கலாம். எதிரியையே ரசிகனாக்கிய கட்டடம்!

மதியம்: நடை சாத்திய பிறகுதான் காஞ்சி தெரியும்

12 மணிக்கு எல்லாரும் கடைத்தெரு பக்கம் ஓடும்போது, நீங்கள் கைலாசநாதரைச் சுற்றியிருக்கும் பிள்ளையார்பாளையம் தெருக்களில் மெதுவாக நடங்கள். நெசவாளர்கள் வாழும் பகுதி இது. திறந்திருக்கும் கதவுகளுக்குள்ளிருந்து `டக்... டக்...' என்று தறிச்சத்தம் கேட்கும். ``அண்ணா, கொஞ்சம் பார்க்கலாமா?" என்று வாசலில் நின்றே கேளுங்கள். சரி என்றால் மட்டும் உள்ளே போங்கள். அது கடையில்லை, ஒருவரின் வீடு.

தறியில் என்ன பார்ப்பது? சேலையின் உடல் ஒரு நிறம், இரண்டு பக்கக் கரையும் வேறு நிறம் என்றால், அதைக் `கோர்வை' முறையில் நெய்கிறார்கள். உடலுக்கு ஒரு நாடா, கரைகளுக்கு ஆளுக்கொன்று என மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். ஒருவரால் மட்டும் முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ள இன்னொருவர் வேண்டும். முந்தியின் நிறம் மாறினால், பழைய பாவு இழையோடு புதிய நிற இழையை ஒவ்வொன்றாக இணைக்க வேண்டும். இதற்குப் பெயர் `பெட்னி'. டிசைனைப் பொறுத்து ஒரு சேலைக்கு 10 நாள், 15 நாள், அதற்கு மேலும் ஆகும்.

பட்டு நூல் வருவது பெரும்பாலும் கர்நாடகாவிலிருந்து. ஜரிகைக்குப் பேர்போனது குஜராத்தின் சூரத். காஞ்சிக்குச் சொந்தமானது கையும் கணக்கும்தான். அந்தக் கைக்குக் கிடைத்த அங்கீகாரம்தான் 2005-ல் காஞ்சிப் பட்டுக்கு வந்த புவிசார் குறியீடு.

ஆனால், இரண்டு பேரின் உழைப்பில் வரும் கூலி பெரும்பாலும் ஒரு வீட்டுக்கான வருமானம்தான். நீங்கள் ஸ்ரீபெரும்புதூர் வழியாகத் திரும்பும்போது பஸ் ஜன்னலில் பாருங்கள். கார் கம்பெனிகள், எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள், ஷிஃப்ட்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் பேருந்துகள். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று அந்தப் பேருந்துகளில்தான் இருக்கிறார்கள். மாதம் பிறந்தால் சம்பளம் என்ற நிம்மதி தறியில் இல்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

அதனால் ஒரு சின்ன வேண்டுகோள். தறியில் இருக்கும் டிசைனைக் கேட்காமல் போட்டோ எடுத்து இன்ஸ்டாவில் போட்டுவிடாதீர்கள். கைத்தறி டிசைன்களைக் காப்பியடித்து விசைத்தறியில் மலிவாக இறக்குவது அவர்களின் நீண்ட காலத் தலைவலி. நெய்கிறவரின் கையைப் படமெடுங்கள், அதுவும் கேட்டுவிட்டு.

வாங்கியே ஆகணும்னா...

* பிளான் பண்ணாமல் பட்டு வாங்காதீர்கள். வாங்குவதாக இருந்தால், பட்ஜெட்டை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு வாருங்கள்.
* வழிகாட்டிகளோடு போனால், அவர்களின் கமிஷனும் உங்கள் பில்லில்தான் ஏறும். காந்தி ரோடு பக்கம் இருக்கும் கைத்தறி கூட்டுறவுச் சங்க விற்பனையகங்களுக்கு நீங்களே நடந்து போங்கள். பேரம் கிடையாது. விலை எழுதியே இருக்கும்.
* சேலையைத் திருப்பி, உடலும் கரையும் சேரும் இடத்தைத் தடவுங்கள். கோர்வையென்றால் அந்தக் கோட்டில் லேசான மேடு தட்டுப்படும். கோர்வை இல்லாத காஞ்சிப் பட்டும் உண்டு. ஆனால், கோர்வை என்று சொல்லி விற்றால் அது இருக்க வேண்டும்.
* அசல் ஜரிகை என்பது சிவப்புப் பட்டு இழையின் மேல் வெள்ளி சுற்றி, தங்க முலாம் பூசியது. கண்ணால் பார்த்து உறுதி செய்வது கஷ்டம். ஜரிகையின் தரத்தை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.
* பட்டுக்கு `சில்க் மார்க்', கைத்தறிக்கு `ஹேண்ட்லூம் மார்க்' என இரண்டு லேபிள்கள் வேறு வேறு. முதலாவது, நூல் பட்டு என்று மட்டுமே சொல்லும். கையால் நெய்ததா என்பதை இரண்டாவதுதான் சொல்லும்.

மாலை: சின்ன காஞ்சிபுரம்

சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழ்ந்ததும் ஷேர் ஆட்டோ பிடித்துச் சின்ன காஞ்சிபுரம் போங்கள். அங்கே இருக்கிறது அண்ணா நினைவு இல்லம். 1909-ல் இந்த ஊரில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, கொஞ்ச காலம் இதே ஊர் நகராட்சியில் எழுத்தராக வேலை பார்த்தவர் அண்ணா. 1967-ல் முதலமைச்சரானார். அவர் ஆட்சியில்தான் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு ஆனது. வீடு எளிமையானது, அரை மணி நேரம் போதும்.

4 மணிக்கு நடை திறந்ததும் வரதராஜப் பெருமாள் கோயில். 2019-ல் 48 நாள்கள் அத்திவரதர் தரிசனத்துக்காக நாடே திரண்டதே, அதே கோயில். குளத்துக்குள் இருக்கும் அத்திவரதர் இனி வெளியே வருவது 2059-ல்தான். அதுவரை நூற்றுக்கால் மண்டபத்தைப் பாருங்கள். மூலையில் தொங்கும் சங்கிலி, வளையத்தோடு வளையம் கோத்தபடி ஒரே கல்லில் செதுக்கியது.

இங்கே நைவேத்தியமாகப் படைப்பதுதான் ஒரிஜினல் காஞ்சிபுரம் இட்லி. மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்த மாவை, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் ஊற்றி அவிப்பார்கள். அதனால் இதைக் குடலை இட்லி என்றும் சொல்வார்கள். கிடைத்தால் விடாதீர்கள். சட்னிகூடத் தேவையில்லை!

500 ரூபாய் கணக்கு

* சென்னை - காஞ்சி ரயில், பஸ்: 150
* ஊருக்குள் ஷேர் ஆட்டோ: 150
* காலை டிபன், மதியச் சாப்பாடு, காபி: 200

அன்னதானத் திட்டம் உள்ள கோயில்களில் மதியம் டோக்கன் வாங்கிச் சாப்பிட்டால் இதிலும் மிச்சம் பிடிக்கலாம்.

கிளம்பும் முன் செக் பண்ணுங்க

* கருங்கல் தரை 11 மணிக்கே சுடும். ஒரு ஜோடி பழைய சாக்ஸ், செருப்பு போட ஒரு துணிப்பை, தண்ணீர் பாட்டில் கட்டாயம்.
* கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கோயிலுக்குக் கோயில் நடைமுறை மாறும், வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். போட்டோ எடுக்கக் கைலாசநாதரின் வெளிப்பிராகாரம்தான் பெஸ்ட்.
* ஷார்ட்ஸ் வேண்டாம்.
* திருவிழா, முகூர்த்த நாள்களில் கூட்டம் அள்ளும். காலண்டரைப் பார்த்துவிட்டு ஒரு சாதாரண நாளைத் தேர்ந்தெடுங்கள்.

6 மணி வாக்கில் பஸ் ஏறினால், இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். அடுத்த முறை வீட்டில் கல்யாணப் பட்டு எடுக்கக் கிளம்பும்போது, கோர்வையைத் தடவிப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கும் ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள்!