‘பிந்தைய’ என்றால் எப்போது? எண்ணூர் ஆயாக்களும் பி.டி.எஸ்.டி.யும்

பி.டி.எஸ்.டி. என்பதைத் தமிழில் ‘பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு’ என்று எழுதுகிறோம். அதில் எனக்கு இடறுவது ‘பிந்தைய’ என்ற சொல். 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் இந்தப் பெயரைத் தன் கையேட்டில் சேர்த்தபோது அவர்கள் கண்முன் முக்கியமாக நின்றவர்கள் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள். போர் அங்கே, வீடு இங்கே. ஆபத்து முடிந்துபோச்சு, உடம்புதான் அதை நம்ப மாட்டேங்குது. இந்தக் கணக்கை காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் உள்ள கரையில் போட்டுப் பார்த்தால் விடை வருவதில்லை.

2004 டிசம்பர் 26 அன்று 45 வயதில் இருந்த ஒரு மீன்காரப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். சுனாமியில் தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். பெரும்பகுதி நாகப்பட்டினத்தில் என்பதால் வடசென்னைக் கணக்கு பேச்சில் அடிபடுவதே குறைவு. வீடு போனவர்களைக் கரையிலிருந்து தள்ளி, திருவொற்றியூர் கார்கில் நகர், எர்ணாவூர் என்று தற்காலிகக் குடியிருப்புகளில் வைத்தார்கள். கடல் தூரம், ஏலம் தூரம், வருமானம் இல்லை. 2007 ஜனவரியில் அந்த எர்ணாவூர்ப் பெண்கள் கடனுக்காகக் கிட்னி விற்ற செய்தி வெளியானது. அலையைவிட இந்த இரண்டு மூன்று வருடம் கொடுமை என்பது என் எண்ணம். அலை ஒரு காலை நேரம். இது தினசரி.

2017 ஜனவரி 28-இல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, கரையெல்லாம் எண்ணெய். ஆட்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலியிலிருந்து மறுபடி எண்ணெய், இந்த முறை எண்ணூர்க் கழிமுகத்தில். அதே டிசம்பர் 26 வந்தது. காசிமேட்டில் வருடா வருடம் கடலில் பால் ஊற்றிப் பூத்தூவும் நாள். அன்றைக்கு இரவு பன்னிரண்டு மணி நெருங்கும்போது பெரியகுப்பத்தில் கோரமண்டல் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண் எரிச்சல், மூச்சுமுட்டல், தூக்கத்திலிருந்து எழுந்து ஓட்டம். நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில். நம் மீன்காரம்மாவுக்கு இப்போது 64 வயது. பத்தொன்பது வருடம் கழித்து, அதே தேதியில், மறுபடி உயிருக்காக ஓடுகிறார்.

இவர் கிளினிக்குக்குப் போனால் ‘பயமா இருக்கு’ என்று சொல்வதில்லை. ‘நெஞ்சு படபடங்குது’, ‘கைகால் ஓய்ஞ்சு போவுது’, ‘தூக்கமே கெடையாது’ என்பார். வயதான காலத்தில் மனச்சோர்வு பெரும்பாலும் உடம்பின் பாஷையில்தான் பேசும். டாக்டர் சுகர், பிரஷர் பார்ப்பார், அதுவும் தேவைதான். இரத்தசோகை, தைராய்டு இரண்டும் இதே மாதிரி வேஷம் போடும். பெரும்பாலும் விசாரணை அதோடு நின்றுவிடுகிறது. சில இடங்களில் ஒரு தூக்க மாத்திரை சேரும். டயசிபாம் வகை மாத்திரைகள் பி.டி.எஸ்.டி.க்கு உதவாது, வயதானவர்களைக் கீழே விழவைக்கும், பழக்கமாகிவிடும். சரியான வழி, அதிர்ச்சியை மையமாக வைத்த பேச்சு சிகிச்சை. அல்லது செர்ட்ராலின் போன்ற மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கி, இரத்தத்தில் சோடியம் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே கூட்டுவது.

முதியோர் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க 1980-களில் வந்த ஒரு கேள்வித்தாள் உலகமெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. அதன் சுருக்க வடிவத்தில் 15 கேள்விகள், ஆமாம் இல்லை என்று பதில் சொன்னால் போதும். வெளியே போவதைவிட வீட்டிலேயே இருக்கப் பிடிக்கிறதா என்று ஒரு கேள்வி. விடியுமுன் ஏலத்துக்குப் போகிற ஆயா ‘வீட்ல குந்தினா எவன் சோறு போடுவான்?’ என்பார். மார்க் இல்லை. ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று பயமா என்று இன்னொரு கேள்வி. எண்ணூரில் அதற்கு ‘ஆமாம்’ என்று சொல்பவர் நோயாளியா, நிலவரம் தெரிந்தவரா? ஒரு கேள்வி நோயை மறைக்கிறது, மற்றொன்று நியாயமான பயத்தை நோயாக எண்ணுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 பட்டியலிலும் பி.டி.எஸ்.டி.க்கு மூன்றாவது அடையாளம், ஆபத்து இப்போதும் இருப்பதுபோன்ற உணர்வு. இங்கே அந்த ‘போன்ற’வை எடுத்துவிடலாம்.

அதற்காக ‘பயம் நியாயம்தானே, சிகிச்சை எதுக்கு’ என்று விட்டுவிடவும் முடியாது. வித்தியாசம் தெரியும் இடங்கள் உண்டு. ஃபினாயில் வாசனைக்கே மூச்சடைப்பது. அலைச்சத்தம் கேட்டால் 2004 நினைவாக வராமல், இப்போதே நடப்பதாக வருவது. கடல் பக்கத் தெருவைச் சுற்றிக்கொண்டு போவது. வாரக்கணக்கில் இது தணியாமல் அன்றாட வேலையைக் கெடுத்தால், தொழிற்சாலை நாளைக்கே மூடினாலும் அது தானாகப் போகும் என்று காத்திருக்க முடியாது. பேரன் பேர் மறந்தால் ‘வயசாச்சு’ என்கிறோம், அதுவும் சில நேரம் மனச்சோர்வுதான், சிகிச்சையில் திரும்பும்.

வழி இல்லாமல் இல்லை. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, 14416 என்ற டெலிமனாஸ் இலவச எண் 2022 முதல் இருக்கிறது. ஆனால் போன் பேரன் கையில் இருக்கும், ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருநாள் வியாபாரம் போகும். 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். எனக்குத் தோன்றும் சரியான கதவு அதுதான். பட்டை சுற்றிக் காற்றடிக்கும் அந்த ஒரு நிமிடத்தில், ‘ஆயா, ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வருது, அப்ப இன்னா ஞாபகம் வருது?’ என்று கேட்கலாம்.