கண்ணில் பறப்பது பஞ்சா? பார்வைக்கே வேட்டா?

அவிநாசி:—
கண்ணுக்கு முன்னால் கறுப்புப் புள்ளி பறந்தால் பனியன் கம்பெனித் தொழிலாளி என்ன சொல்வார்? "பஞ்சு விழுந்துருச்சுங்க" என்பார். முகத்தைக் கழுவிவிட்டு மறுபடி மிஷினில் உட்கார்ந்துவிடுவார்.

கழுவியும் போகாத புள்ளி பஞ்சு அல்ல. அது கண்ணுக்கு உள்ளேயே இருக்கிறது! சிலருக்கு அதுதான் அபாயச் சங்கு.

யாருக்கு ஆபத்து?

பரம்பரையாக வரும் 'மார்ஃபான்' நோய் உள்ளவர்களுக்கு. பாரிஸ் நகரக் குழந்தை டாக்டர் அந்துவான் மார்ஃபான் 1896-ல் இதை முதலில் எடுத்துச் சொன்னார். காரணமான ஜீன் 1991-ல் பிடிபட்டது. சுமார் 5 ஆயிரம் பேரில் ஒருவருக்கு இந்த நோய் உண்டு. தாய், தகப்பனில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நாலில் ஒருவருக்கு, வீட்டில் யாருக்கும் இல்லாமலே வரும்.

நெட்டை உருவம், நீண்ட விரல்கள், சோடாபுட்டிக் கண்ணாடி. மூன்றும் சேர்ந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

கிழிவது எப்படி?

உடம்பைத் தாங்கும் இழை இவர்களுக்குப் பலவீனம். கண்விழி நீண்டுவிடும். உள்ளே ஒட்டியிருக்கும் விழித்திரை, அளவுக்கு மேல் இழுத்த துணி போல மெலிந்து ஓட்டை விழும். கண்ணுக்குள் உள்ள நீர் அதில் புகுந்து, சுவரில் காரை பெயர்வது போலத் திரையைப் பெயர்த்துவிடும். வலியே இருக்காது!

புள்ளிகள் திடீரென்று கூடினாலும், மின்னல் வெட்டினாலும், ஓரத்தில் திரை விழுந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும்.

ஓட்டையாக இருக்கும்போதே பிடித்தால் பெரும்பாலும் லேசரே போதும். பெயர்ந்துவிட்டால் ஆபரேஷன்தான். நடுப்பகுதியும் பெயர்ந்தால் பார்வை முழுசாகத் திரும்பும் என்பது நிச்சயமில்லை.

கண்ணாடி மாற்றினால் போதுமா?

போதாது! சொட்டு மருந்து விட்டு, பாப்பாவை விரித்து, விழித்திரையைப் பார்க்க வேண்டும். கோவையில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி 1997 முதல் இயங்குகிறது. அவிநாசியிலிருந்து போய் வர வேண்டும். ஒரு ஷிப்ட் சம்பளம் போகும். போகட்டும்!

இருதயத்தையும் சோதிக்க வேண்டும். அமெரிக்க வாலிபால் வீராங்கனை ஃப்ளோ ஹைமன் 1986-ல் ஜப்பானில் ஆட்டத்தின்போதே சாய்ந்து இறந்தார். இருதயப் பெருங்குழாய் கிழிந்திருந்தது. காரணம் இதே நோய் என்பது பிறகுதான் தெரிந்தது.

முதலை விழுங்கிய பிள்ளை உயிரோடு திரும்பிய ஊர் அவிநாசி. போன பார்வை அப்படித் திரும்பாது. இருக்கும்போதே காப்பாற்றிக்கொள்ள வேண்டியதுதான்!