நெடுஞ்சாலையில் மட்டும் திணறும் பழைய கார்: கோளாறு எங்கே?

புக்கிட் காத்தில் வட்டாரச் சாலைகளில் நாள் முழுவதும் ஒழுங்காக ஓடும் பழைய கார், ஆயர் குரோ டோல் சாவடியைத் தாண்டி வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் திணறுகிறது. எவ்வளவு மிதித்தாலும் இழுவை இல்லை. ஓரமாகச் சற்று நேரம் நிறுத்தினால் சரியாகிவிடுகிறது. மறுநாள் பட்டறைக்குக் கொண்டுபோனால் "ஒன்றும் இல்லையே" என்ற பதில்தான் கிடைக்கிறது.

காரணம் எளிது. நின்ற இடத்தில் ஓடும் இன்ஜினுக்கு மிகக் குறைந்த பெட்ரோலே போதும். அடைத்துப்போன பில்டரும் தளர்ந்துபோன பம்ப்பும்கூட அதைக் கொடுத்துவிடும். 110 கிலோமீட்டர் வேகத்தில், குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போது தேவை பல மடங்காகிறது. அங்கேதான் குட்டு வெளிப்படும்.

ஆகவே நின்ற காரில் பெட்ரோல் அழுத்தத்தை அளப்பது பாதிச் சோதனைதான். இன்ஜெக்ஷன் கார்கள் பலவற்றில் இது ஏறக்குறைய 3 பார் இருக்கும். மானியைப் பொருத்தியபடியே ஓட்டி, கார் திணறும் நேரத்தில் அழுத்தம் இறங்குகிறதா என்று மெக்கானிக் பார்க்க வேண்டும். புரோட்டோன் வீரா காலத்துக் கார்களில் பெட்ரோல் அழுத்தத்தை அளக்கும் சென்சார் இல்லை. அதனால் கணினிச் சோதனையில் எதுவும் தெரியாமல் போகலாம்.

காசு செலவில்லாத சோதனை ஒன்றும் உண்டு. டாங்கி மூடியின் காற்றுவழி அடைபட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் வரத்து குறையும். திணறியதும் ஓய்வுத் தளத்தில் நிறுத்தி மூடியைத் திறந்து பாருங்கள். காற்று 'உஸ்' என்று உள்ளே இழுக்கப்பட்டு, பிறகு கார் நன்றாக ஓடினால் மூடியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்த சந்தேகம் சூடு. காயிலும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சென்சாரும் பழசானால், சூடேறியதும் செயலிழந்து ஆறியதும் உயிர் பெறும். மேனுவல் காரில் இதற்கு நல்ல அடையாளம் ஆர்.பி.எம். முள். கார் கியரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே முள் பூஜ்யத்துக்கு விழுந்தால், பெரும்பாலும் தீப்பொறிப் பக்கம்தான் கோளாறு. முள் வேகத்துக்கு ஏற்ப நின்றும் இழுவை இல்லையென்றால் பெட்ரோல் பக்கம் பார்க்கலாம்.

பிளக், காயில், பம்ப் என்று ஊகத்தில் ஒவ்வொன்றாக மாற்றினால் பணம்தான் கரையும். அதற்கு முன், பக்கத்தில் இருப்பவர் ஒரு தாளில் குறித்துவரட்டும்: என்ன வேகம், புறப்பட்டு எத்தனை நிமிடம், மேடா சமதரையா, மழையா வெயிலா, டாங்கியில் எவ்வளவு எண்ணெய். கால் டாங்கிக்குக் கீழே மட்டும் வந்தால் டாங்கிக்குள் இருக்கும் வடிகட்டியைப் பார்க்க வேண்டும். மழையில் மட்டும் வந்தால் பிளக் ஒயர்களைச் சோதிக்கலாம். மெக்கானிக்குக் கருவியைவிட இந்தத் தாள் சில நேரம் அதிகம் சொல்லும்.

கோளாறு தீரும்வரை வலது தடத்துக்குப் போகாதீர்கள். பின்னால் வரும் லாரிக்கு உங்கள் காரின் இழுவை போனது தெரியாது. கார் நின்றே போனால், அவசரத் தடத்தில் ஒதுக்கி எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிட்டு, எல்லாரும் இறங்கித் தடுப்புக் கம்பிக்கு அப்பால் நின்றபடி பிளஸ் உதவி எண் 1800-88-0000ஐ அழைக்கலாம்.