படகில் பிரேக்கர் அடிக்கடி ட்ரிப் ஆகுதா? தண்ணீரில் இறங்கும் முன் இதைப் படிங்க!

ஏரிக்கரையில் கட்டியிருக்கும் ஒரு படகு. உள்ளே ஏ.சி., ஃப்ரிட்ஜ், வாட்டர் ஹீட்டர், மைக்ரோவேவ் என ஒரு சின்ன வீட்டுக்குத் தேவையான எல்லாமே இருக்கிறது. திடீரென 'டப்' என்று கரண்ட் போகிறது. பிரேக்கரை மேலே தள்ளினால் மறுபடியும் விழுகிறது. பக்கத்தில் இருக்கும் பழைய பிளக் பாயிண்டுக்கு கேபிளை மாற்றினால் எல்லாம் ஜோராக ஓடுகிறது. "அந்த பாயிண்ட்தான் ரிப்பேர் போல" என்று நினைத்து, பிள்ளைகளை நீந்த அனுப்பிவிடுவார்கள்.

அமெரிக்காவின் ஏரி, ஆற்றுப் படகுத்துறைகளில் உயிரை வாங்கக்கூடிய தவறு இதுதான். முதல் பாயிண்டில் ரிப்பேர் எதுவும் இல்லை. படகிலிருந்து கரண்ட் கசிவதைக் கண்டுபிடித்து அது தன் வேலையைச் செய்தது. இரண்டாவது பாயிண்டில் அந்தப் பாதுகாப்பே இல்லை. அதனால்தான் படகு 'ஜோராக' ஓடியது.

படகுக்குள் கரண்ட் எப்படி வருது?

பொழுதுபோக்குப் படகுகளில் பொதுவாக இரண்டு மின் அமைப்புகள் இருக்கும். விளக்கு, பம்ப், இன்ஜின் ஸ்டார்ட்டர் போன்றவற்றுக்கு 12 வோல்ட் பேட்டரி. ஏ.சி., ஹீட்டர் போன்ற பெரிய சாதனங்களுக்கு வீட்டில் இருப்பது போன்ற மாறுதிசை மின்சாரம்.

படகு துறையில் நிற்கும்போது, இந்த இரண்டாவது வகை மின்சாரம் கரையில் இருக்கும் மின்கம்பத்திலிருந்து தடிமனான கேபிள் வழியாக வரும். இதன் பெயர் 'ஷோர் பவர்'. அமெரிக்காவில் நடுத்தர அளவுப் படகுகளுக்கு 120 வோல்ட், 30 ஆம்பியர் இணைப்புதான் வழக்கம். நடு ஏரியில் நிற்கும்போது ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ அந்த வேலையைப் பார்க்கும்.

அந்த கேபிளுக்குள் மூன்று ஒயர்கள். அமெரிக்க முறைப்படி கறுப்பு ஃபேஸ், வெள்ளை நியூட்ரல், பச்சை எர்த். கணக்கு ரொம்ப சிம்பிள். ஃபேஸ் வழியாக எவ்வளவு கரண்ட் உள்ளே போகிறதோ, அவ்வளவும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வரணும். குறைந்தால், மிச்சம் வேறு ஏதோ வழியில் போகிறது என்று அர்த்தம். நம் வீட்டில் கீசர் பழுதானால் ஆர்.சி.சி.பி. விழுகிறதே, அதே தத்துவம்தான்.

வீட்டுக்கும் படகுக்கும் ஒரே ஒரு வித்தியாசம். படகைச் சுற்றி இருப்பது தண்ணீர்.

கசியும் கரண்ட் எங்கே போகும்?

ஹீட்டர் காயிலில் ஓட்டை விழுந்தாலோ, அதிர்வில் உரசி ஒயரின் தோல் கிழிந்தாலோ, கரண்ட் படகின் உலோக பாகங்களுக்குள் பாயும். பச்சை எர்த் ஒயர் நன்றாக இருந்தால், அது பத்திரமாகக் கரைக்குத் திரும்பிவிடும். கசிவு அதிகமானால் பிரேக்கரும் விழும்.

எர்த் ஒயர் எங்கோ அறுந்திருந்தால்தான் சிக்கல். கரையில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்பியே ஆகவேண்டிய கரண்ட், தண்ணீருக்குள் இருக்கும் புரொப்பல்லர் வழியாக வெளியேறி, தண்ணீரையே ஒயராகப் பயன்படுத்திக்கொள்ளும்.

கடல் நீரில் உப்பு அதிகம். அது மனித உடலைவிட நன்றாகக் கரண்டைக் கடத்தும் என்பதால், பெரும்பாலான கரண்ட் உடலைச் சுற்றிக்கொண்டு போய்விடும். ஏரி, ஆற்று நீரில் கதை தலைகீழ். அங்கே தண்ணீரைவிட மனித உடல்தான் சுலபமான பாதை. அதனால் நன்னீரில்தான் ஆபத்து மிக அதிகம். ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரங்களையும் பாதுகாப்பானவை என்று நம்ப முடியாது.

எவ்வளவு கரண்ட் ஆபத்து? சுமார் 10 மில்லிஆம்பியர் தாண்டினாலே தசைகள் நம் கட்டுப்பாட்டை மீறத் தொடங்கும். 120 வோல்ட்டில் எரியும் ஒரு 60 வாட் குண்டு பல்பு எடுப்பது 500 மில்லிஆம்பியர். அதில் ஐம்பதில் ஒரு பங்கு போதும், கை கால் அசைக்க முடியாமல் போக. கரையில் என்றால் துள்ளி விலகலாம். தண்ணீரில் அப்படியே மூழ்க வேண்டியதுதான். இதற்கு 'எலக்ட்ரிக் ஷாக் டிரவுனிங்' என்று பெயர்.

1999 ஆகஸ்டில் ஒரிகன் மாகாணம் போர்ட்லேண்ட் அருகே உள்ள மல்ட்னோமா கால்வாயில், கெவின் ரிட்ஸ் என்பவரின் 8 வயது மகன் இப்படித்தான் இறந்தான். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்த பையன் அவன். அருகே நின்ற படகிலிருந்து கசிந்த கரண்ட்தான் காரணம். அதன்பிறகு படகு மின்சாரப் பாதுகாப்பையே தன் வேலையாக எடுத்துக்கொண்ட கெவின், இந்த ஆபத்தைப் பற்றி அமெரிக்கப் படகோட்டிகளை எச்சரித்து வந்தார்.

இன்னொரு கொடுமை, இவ்வளவு குறைந்த கரண்ட் பொதுவாக உடலில் தடயம் எதையும் விடாது. யாரும் தண்ணீரைச் சோதிக்காவிட்டால், 'நீரில் மூழ்கி மரணம்' என்று கோப்பு மூடப்பட்டுவிடும்.

எர்த் ஒயரை ஏன் வெட்டுறாங்க?

சில படகுகளில் எர்த் ஒயர் தானாக அறுவதில்லை. தெரிந்தே வெட்டப்படுகிறது. ஒரே துறையில் நிற்கும் படகுகள் எல்லாம் எர்த் ஒயர் மூலம் இணைந்திருப்பதால், அவற்றின் வெவ்வேறு உலோகங்கள் தண்ணீரோடு சேர்ந்து ஒரு பேட்டரி மாதிரி வேலை செய்யும். விளைவு, படகின் அடியில் பாதுகாப்புக்காகப் பொருத்தியிருக்கும் துத்தநாகக் கட்டிகள் சீக்கிரமே கரையும். அந்தச் செலவை மிச்சப்படுத்த "பச்சை ஒயரைக் கழற்றிடுங்க" என்று யாராவது யோசனை சொல்வார்கள்.

உலோகம் தப்பிக்கும். மனிதர்கள் தப்பிக்க மாட்டார்கள். இதற்கு முறையான தீர்வு, எர்த் ஒயரில் 'கால்வானிக் ஐசொலேட்டர்' பொருத்துவது. அரிப்பை உண்டாக்கும் மிகக் குறைந்த வோல்டேஜை அது தடுக்கும். ஷாக் ஏற்படுத்தும் கரண்டைத் தடையில்லாமல் கரைக்கு அனுப்பும்.

கோளாறை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் விதி: சோதனை முடியும்வரை துறைக்கு அருகே யாரும் தண்ணீரில் இருக்கக் கூடாது. கேபிளைக் கழற்றும்போது படகின் மெயின் பிரேக்கர், அடுத்து கரைக் கம்பத்தின் பிரேக்கர் இரண்டையும் ஆஃப் செய்துவிட்டு, கரைப் பக்க பிளக்கை முதலில் உருவ வேண்டும். மாட்டும்போது படகுப் பக்கம் முதலில். இப்படிச் செய்தால் கரண்ட் உள்ள கேபிள் முனை ஒருபோதும் கையில் இருக்காது.

1. கரையிலிருந்து தொடங்குங்கள். கம்பத்தில் சரியான வோல்டேஜ் வருகிறதா? 120 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், ஏ.சி. கம்ப்ரஸர் திணறிச் சூடாகும். கோளாறு படகில் இல்லாமலே இருக்கலாம்.

2. பிளக்கைப் பாருங்கள். படகு மின்கோளாறுகளில் அடிக்கடி மாட்டுவது இதுதான். ஈரமும் அசைவும் சேர்ந்து பிளக் முனைகள் தளர்ந்து, துருப்பிடித்து, சூடாகும். பழுப்பு நிறம், உருகிய பிளாஸ்டிக், கருகிய வாசனை, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அந்த கேபிளைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. தீ விபத்து இங்கிருந்துதான் கிளம்பும்.

3. லோடு கணக்கு போடுங்கள். 1,500 வாட் ஹீட்டர் 12.5 ஆம்பியர் இழுக்கும். அதே 1,500 வாட் கெட்டிலும் சேர்ந்தால் 25. ஏ.சி.யையும் போட்டால் 30 ஆம்பியர் பிரேக்கர் விழத்தான் செய்யும். லோடு அதிகமானால் பிரேக்கர் பெரும்பாலும் சில நிமிடம் தாங்கிவிட்டு விழும். கசிவு என்றால் உடனே விழும். இந்த வித்தியாசமே பாதி விடையைச் சொல்லிவிடும்.

4. ஒவ்வொன்றாகப் போடுங்கள். எல்லா கிளை பிரேக்கர்களையும் ஆஃப் செய்து, மெயினை மட்டும் ஆன் செய்யுங்கள். பிறகு ஒவ்வொரு கிளையாக ஆன் செய்தால், எதைப் போட்டதும் விழுகிறதோ அதில்தான் கோளாறு. பெரும்பாலும் வாட்டர் ஹீட்டர் மாட்டும்.

5. கிளையை ஆஃப் செய்தும் விழுகிறதா? பல கிளை பிரேக்கர்கள் ஃபேஸை மட்டுமே துண்டிக்கும். நியூட்ரல் அப்படியே இணைந்திருக்கும். படகுக்குள் எங்கோ நியூட்ரலும் எர்த்தும் ஒட்டியிருந்தால், வேறு சாதனம் ஓடும்போதே கரண்ட் பிரிந்து எர்த் வழியாகவும் திரும்பும். ஷோர் பவரில் இருக்கும்போது இந்த இரண்டும் கரையில் மட்டுமே சேர வேண்டும். தப்பாக இணைத்த இன்வெர்ட்டர், வீட்டு உபயோகத்துக்கான பழைய அடுப்பு போன்றவை இதற்குக் காரணமாக இருக்கலாம்.

6. சிவப்பு விளக்கை அலட்சியம் செய்யாதீர்கள். 'ரிவர்ஸ் போலாரிட்டி' விளக்கு எரிந்தால் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கிறது. அப்போது பிரேக்கரை ஆஃப் செய்தாலும் சாதனத்துக்குள் கரண்ட் இருக்கும். உடனே இணைப்பைத் துண்டிப்பதுதான் சரி.

தண்ணீருக்குள் கசிகிறதா என்று எப்படித் தெரியும்?

இதற்கு மில்லிஆம்பியர் அளவைக் காட்டும் கிளாம்ப் மீட்டர் வேண்டும். நம்ம ஊர் எலக்ட்ரீஷியன்கள் டாங் டெஸ்டர் என்பார்களே, அதுதான். சாதனங்கள் ஓடும்போது ஷோர் பவர் கேபிளை, மூன்று ஒயரும் உள்ளே இருக்கும்படி, மொத்தமாக அதன் வாய்க்குள் விட வேண்டும். ஒயரை உரிக்கத் தேவையில்லை.

போன கரண்ட் எல்லாம் கேபிள் வழியாகவே திரும்பினால் மீட்டர் பூஜ்யம் காட்டும். எண் ஏதாவது வந்தால், அந்த அளவு கரண்ட் கேபிளுக்கு வெளியே, அதாவது தண்ணீர் வழியாகப் போகிறது. கரையில் பிரேக்கரை ஆஃப் செய்ததும் எண் மறைந்தால் கசிவு இந்தப் படகில். ஆஃப் செய்தும் நின்றால், பக்கத்துப் படகிலிருந்தோ துறையிலிருந்தோ வருகிறது.

இந்த இடத்தில் சொந்த முயற்சியை நிறுத்திவிட்டு, படகு மின்வேலை தெரிந்த எலக்ட்ரீஷியனை அழைப்பதே நல்லது. வீட்டு ஒயரிங் மட்டும் தெரிந்தவருக்கு ஒரு பொறி காத்திருக்கிறது. அமெரிக்க ஏ.சி. ஒயரிங்கில் கறுப்பு என்றால் ஃபேஸ். ஆனால் படகின் 12 வோல்ட் ஒயரிங்கில் கறுப்பு நெகட்டிவாகவும் இருக்கலாம். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் அங்கே மஞ்சள் ஒயர் பரிந்துரைக்கப்படுகிறது.

விதிகள் என்ன சொல்லுது?

அமெரிக்கப் படகுத் தரங்களை வகுக்கும் அமெரிக்கன் போட் அண்ட் யாட் கவுன்சில், கசிவு 30 மில்லிஆம்பியரைத் தொட்டால் 100 மில்லிசெகண்டுக்குள் துண்டிக்கும் 'இ.எல்.சி.ஐ.' என்ற கருவியைப் பரிந்துரைக்கிறது. கரைப் பக்கம், அந்நாட்டு தேசிய மின்சார விதிமுறையின் 2017 பதிப்பு, படகுத்துறைக் கசிவு வரம்பை 100-லிருந்து 30 மில்லிஆம்பியராகக் குறைத்தது.

இதனால்தான் வருஷக்கணக்கில் பிரச்சினை இல்லாமல் ஓடிய படகுகள், புதுப்பித்த துறைகளில் கட்டியதும் ட்ரிப் ஆகத் தொடங்கின. பல படகுகளின் சின்னச் சின்ன கசிவுகள் சேர்ந்து பொது லைனை விழ வைப்பதும் உண்டு என்பதால், உரிமையாளர்களின் எரிச்சலில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆனால் தன் படகின் சொந்த பிளக் பாயிண்ட் விழுந்தால், சந்தேகப்பட வேண்டியது முதலில் படகைத்தான்.

யாராவது தண்ணீரில் தவித்தால்?

உடனே குதிக்காதீர்கள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து இறப்பதுதான் இந்த விபத்துகளின் சோகம். முதலில் கரைக் கம்பத்தின் கரண்டை நிறுத்துங்கள். மிதவையையோ கயிறையோ வீசுங்கள். அவசர உதவியை அழையுங்கள்.

நீந்தும்போது உடம்பு சுரீர் என்றால் துறையின் இரும்பு ஏணியைப் பிடிக்கப் போகாதீர்கள். அங்கேதான் கரண்ட் அதிகம் இருக்க வாய்ப்பு. கத்தி எச்சரித்துவிட்டு, கால்களை மடக்கிக்கொண்டு, வந்த வழியே துறையைவிட்டு விலகி நீந்துங்கள். ஷோர் பவர் இருக்கும் படகுத்துறையில் நீந்தாமல் இருப்பதே இதைவிட உத்தமம். படகின் மின் அமைப்பை வருடத்துக்கு ஒருமுறை சோதிப்பவர்களும் இந்த விதியைத் தளர்த்துவதில்லை. ஏனென்றால் அவர்கள் சோதித்தது தங்கள் படகை மட்டும்தான், பக்கத்துப் படகை அல்ல.