தனியொருவன் – 11: அடுத்த வாக்கியம் தெரிந்த பையன்

பன்னிரண்டு பதிப்பாளர்கள் வேண்டாம் என்ற அய்ன் ராண்டின் ‘தி ஃபவுன்டன்ஹெட்’ நாவலைப் பதிப்பாசிரியர் ஆர்ச்சிபால்ட் ஆக்டன் தன் வேலையையே பணயம் வைத்து 1943இல் வெளிவரச் செய்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் விமர்சகர்களைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அவர்களைவிட வாசகர்கள் எனக்கு முக்கியமாகப் படுகிறார்கள்.

‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் லோரின் புரூயெட் எழுதிய மதிப்புரை அய்ன் ராண்டின் மனத்தைக் குளிர்வித்தது உண்மை. ஆனால் புத்தகத்தைத் தூக்கி நிறுத்தியது வாய்மொழிதான். போர்க்காலம், காகிதத் தட்டுப்பாடு வேறு. அப்படியும் 1945இல் மட்டும் ஒரு லட்சம் பிரதிகள் விற்றன. படைவீரர்களும் கட்டடக்கலை மாணவர்களும் கடிதம் எழுதினார்கள். ஒருகாலத்தில் ராண்டைச் சந்திக்கவே விரும்பாத கட்டடக்கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட், 1944இல் நாவலைப் புகழ்ந்து எழுதினார். தனித்தனியாகப் பதில் எழுதி மாளாமல், வாசகர்களுக்கென்று 1945இல் ராண்ட் ஒரு பொதுக் கடிதத்தை அச்சிட வேண்டியிருந்தது. என் குடும்பத்தையும் குழந்தைப் பருவத்தையும் கேட்காதீர்கள், என் சிந்தனையைக் கேளுங்கள் என்பது அதன் சாரம்.

இந்த வாரம் என்னைப் பிடித்துக்கொண்டவன் நாதன் புளூமென்தால். கனடாக்காரன். பதினான்கு வயதில் நாவலைக் கையில் எடுத்தவன் அதைக் கீழே வைக்கவேயில்லை. எங்காவது ஒரு வாக்கியத்தை வாசித்தால், அதற்கு முன்னால் என்ன வரும், பின்னால் என்ன வரும் என்று சொல்லிவிடுவானாம். பின்னாளில் அவனே நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறான். அந்த வயதில் ஒரு புத்தகத்தை அப்படிப் படித்தவர்களுக்கு இது புரியும். நமக்கு மட்டும் தோன்றுவதாக நினைத்த ஒன்றை இன்னொருவர் அச்சில் சொல்லியிருப்பதைக் கண்டதும் உடம்பெல்லாம் சிலிர்க்குமே, அந்தப் பரவசம் அது. தனித்து நிற்கச் சொல்லும் நாவல் அதே மூச்சில் துணையும் தந்துவிடுகிறது. வாசகர்கள் அதை விடாமல் பற்றிக்கொண்டதற்கு, அதன் தத்துவத்தைவிட இதுவே பெரிய காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

கல்லூரிக் காலத்தில் அவன் ராண்டுக்குக் கடிதம் எழுதினான். அழைப்பு வந்தது. 1950 மார்ச்சில் கலிபோர்னியாவில் அவர் வீட்டுக்குப் போனான். இயக்குநர் யோசஃப் ஃபான் ஸ்டெர்ன்பெர்குக்காக ரிச்சர்ட் நாய்ட்ரா வடிவமைத்த உலோக வீடு அது. (ராண்டுக்காக ரைட்டும் ஒரு வீடு வரைந்தார்; அது கட்டப்படவேயில்லை. அதற்குத் தனி அத்தியாயம் வேண்டும்.) விடிய விடியப் பேசினார்கள். நாதன் புளூமென்தால் பின்னர் நதேனியல் பிராண்டன் ஆனார். 1958இல் நியூயார்க்கில் ராண்டின் கருத்துகளைப் பாடமாக நடத்தத் தொடங்கினார். 1968இல் ராண்ட் அவரை அடியோடு விலக்கினார்.

அந்த முறிவுக்கு முன், ராண்டின் வீட்டில் கூடிய நண்பர் குழாமைப் பார்த்தாக வேண்டும். விளையாட்டாகத் தங்களுக்கு ‘கூட்டம்’ என்றே பெயர் வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். 1957இல் ராண்டின் ‘அட்லஸ் ஷ்ரக்ட்’ நாவலை விமர்சகர் கிரான்வில் ஹிக்ஸ் கடுமையாகச் சாடியபோது, அவர்களில் முப்பத்தொரு வயதுப் பொருளாதார நிபுணர் ஒருவர் பொறுக்கமாட்டாமல் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழுக்கே மறுப்புக் கடிதம் எழுதினார். முப்பது ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்க மத்திய வங்கியின் தலைவரான ஆலன் கிரீன்ஸ்பான்தான் அவர். அந்தக் கடிதமும், விட்டுப்போன விமர்சகர்களும் அடுத்த வாரம்.

(தொடரும்)