கைக்கு வந்ததெல்லாம் இலாபமன்று

சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி, 1923-ஆம் ஆண்டு வாக்கில் சொந்த ஊரில் அதனைத் தொடங்கினர். கற்றல் முந்தியது, முதலீடு பிந்தியது. இன்றோ நம்மை நாடி வரும் இளைஞர் பலர், “கடன் எங்கே கிடைக்கும்?” என்றே முதலில் வினவுகின்றனர்.

பட்டாசுத் தொழிலில் கூலிக்கும் மருந்துக்கும் ஆண்டு முழுவதும் பணம் வேண்டும். விற்ற பணமோ பெரும்பாலும் தீபாவளியை ஒட்டியே வந்து சேரும். அவ்வாறு வருவதனைத்தும் இலாபமன்று. கடனுக்குரிய வட்டியும் அடுத்த பருவத்தின் கூலியும் அதனுள் அடங்கியுள்ளன. இதை மறந்து அப்பணத்தைத் திருமணத்திற்கும் வீடு கட்டவும் செலவிடுவோர், மீண்டும் வட்டிக்காரரின் வாசலில் நிற்கின்றனர். வட்டி நெருக்கும்போது சிலர் பாதுகாப்புச் செலவைக் குறைக்கத் துணிகின்றனர். அதன் விலை தொழிலாளியின் உயிர் அன்றோ?

விருதுநகர் வணிகர் வியாபாரத்தில் ஒரு சிறு பகுதியை மகமையாக ஒதுக்கிப் பள்ளிகளை வளர்த்தனர். அவ்வழக்கம் புகட்டும் பாடம் எளிது: முதலில் ஒதுக்குக; பின்னர் செலவிடுக. ஆகவே, தொழில் தொடங்குவோர் கடைக் கணக்கையும் வீட்டுக் கணக்கையும் தனித்தனி ஏடுகளில் எழுதுவாராக. தமக்கென மாதந்தோறும் ஒரு சம்பளத்தை வரையறுத்துக்கொண்டு, அதற்குள் குடும்பம் நடத்துவாராக. கூலியையும் பாதுகாப்புச் செலவையும் முதலிலேயே எடுத்து வைப்பாராக. எஞ்சியிருப்பதே இலாபம், அது சிறிதாயினும் அச்சமின்றி உறங்க வைக்கும்.