கொதிக்கும் சாம்பார்... வழுக்கும் தரை... செங்குத்துப் படி! ஓட்டல் சமையல்கட்டில் தினமும் ‘கம்பி மேல் நடை’

சென்னை,

சாப்பாட்டு ஓட்டலின் முன்பக்கம் எல்லாமே ஜோர்! பளபளக்கும் மேஜை, சாமி படம், ஊதுவத்தி வாசனை. ஆனால் பின்பக்கம்?

பாரிமுனை, மண்ணடி, திருவல்லிக்கேணி பகுதிகளில் பழைய வீடுகள் பல ஓட்டல்களாக மாறியிருக்கின்றன. அங்கே ரெண்டு பேர் எதிரும் புதிருமாக வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். ஒரு பக்கம் வடைச் சட்டி, மறுபக்கம் கிரைண்டர், நடுவில் வடிகஞ்சி ஓடும் தரை. இதில்தான் சாம்பார் அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போகிறார்கள். கால் வழுக்கினால் முழங்கால் மட்டுமா போகும்? உடம்பே வெந்துவிடும்!

தண்ணி ஊத்தினா போதுமா?

எண்ணெய் கொட்டினால் ஒரு வாளி பச்சைத் தண்ணீரை ஊற்றித் தள்ளுவது வழக்கம். எண்ணெய் போகாது, இன்னும் பரவும். சோப்புத்தூள் போட்டு, சுடுதண்ணீரில் தேய்த்து, ஈரத்தையும் துடைத்தெடுக்க வேண்டும். மரத்தூள் தூவுகிறவர்கள் அடுப்புப் பக்கம் தூவக்கூடாது, தீப்பிடிக்கும்.

‘பார்வையா இருக்கட்டும்’ என்று வழவழப்பு டைல்ஸ் போடுவதும் வினைதான். சொரசொரப்பான டைல்ஸ் அல்லது கொத்திய கல்தான் ஈரத்தில் காலைப் பிடிக்கும். தரை சாக்கடை வாய்ப் பக்கம் லேசாகச் சரிந்திருந்தால் தண்ணீர் தேங்காது. தேய்ந்துபோன ரப்பர் செருப்பையும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஒத்தைப் படி ஆபத்து

நாலு படி இருந்தால் கண்ணுக்குத் தெரியும். சமையல்கட்டு வாசலில் இருக்கும் ஒத்தைப் படிதான் ஆளைக் கவிழ்க்கும்! அண்டாவைச் சுமப்பவருக்குக் காலடி தெரியாது. அதைச் சரிவாக்கலாம், முடியாவிட்டால் ஓரத்தில் மஞ்சள் பெயிண்ட் அடித்து, மேலே ஒரு லைட் போடலாம்.

அரிசி மூட்டை வைக்கும் பரணுக்குப் போகும் படி இன்னும் மோசம். பொதுக் கட்டடங்களில் படி அரை அடி உயரத்துக்கு மேல் போகக்கூடாது, கால் வைக்க ஒரு அடி வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. பழைய படிகளிலோ பாதிப் பாதம்கூட வைக்க முடியாது. ஒரு படி உயரமாகவும், ஒரு படி தாழ்வாகவும் இருந்தால் பழகின காலே தடுமாறும்.

சட்டத்தில் விடுபட்ட ஓட்டல்

தரையில் வழுக்கும் பொருள் கிடக்கக்கூடாது, தேவையான இடத்தில் கைப்பிடி வேண்டும் என்றது 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 32-வது பிரிவு. ஆனால் ‘ஓட்டல் தொழிற்சாலை ஆகாது’ என்று அதே சட்டத்தின் விளக்கத்தில் ஒதுக்கிவிட்டார்கள். மாவு மில் தொழிலாளிக்குக் கிடைத்த கைப்பிடி, மாவு அரைக்கும் ஓட்டல் தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை!

செலவு ரொம்ப இல்லை

இடத்தைப் பெரிசாக்க முடியாதுதான். ஆனால் படியில் இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புக் குழாய் பொருத்தலாம். மூட்டையைத் தோளில் சுமக்காமல், கப்பி கட்டிக் கயிற்றில் இறக்கலாம். செங்குத்து ஏணியில் இறங்குகிறவர் ஏணியைப் பார்த்தபடியே இறங்கினால் பிடி நழுவாது. போகும் வழியில் வாளி, வெங்காயக் கூடை கிடக்காமல் பார்த்துக்கொள்ள நயா பைசா செலவில்லை.

மேஜையைத் துடைக்கக் காட்டும் அக்கறையில் பாதியைத் தரையில் காட்டினாலே பல கால்கள் தப்பிக்கும். ஓட்டல் முதலாளிகள் கவனிப்பார்களா?